கொங்கண் கரைக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டிசம்பரில் அலிபாக், முருட், ஸ்ரீவர்தன் என்று கடலோரமாகவே சைக்கிளில் போகப்போவதாகவும், டென்டுக்குப் பணம் சேர்ப்பதாகவும் எழுதியிருந்தாய். சந்தோஷம். பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடு.

யூட்யூபில் நீ பார்க்கும் சாமான்கள் பெரும்பாலும் லடாக் குளிருக்கானவை. கொங்கண் கரையில் அந்த மாதம் மழை அபூர்வம். நடுக்கும் குளிரும் கிடையாது. தூக்கத்தைக் கெடுப்பவை கொசுவும் விடியற்காலைப் பனியும்தான். ஸ்லீப்பிங் பேக் எதற்கு? வீட்டுப் போர்வை போதும். மலிவான ஒற்றைத் துணி டென்டும் வேண்டாம். ஈரக்காற்றில் உன் மூச்சே உட்புறம் நீராகப் படியும், விடிந்ததும் டென்ட் ஒழுகிவிட்டது என்பாய். அதற்குப் பதில் ஒருவர் படுக்கும் கொசுவலை, மேலே கூரையாகக் கட்ட இலேசான தார்ப்பாய், கொஞ்சம் நைலான் கயிறு. மொத்தம் ஒரு கிலோவுக்குள் முடியும். கடையில் கிடைக்கும் சாதாரண டென்ட் அநேகமாக இரண்டு கிலோவைத் தாண்டும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுச் சவுக்கு மரத்தில் கட்டு. தென்னைக்கு அடியில் மட்டும் படுக்காதே.

கீழே விரிக்க ஃபோம் பாய் வாங்கும்போது ஒரு ஓரத்தைத் தண்ணீரில் அமுக்கிப் பார். உறிஞ்சினால் வைத்துவிட்டு வா.

சைக்கிளில் மாட்டும் பை விஷயத்தில் நீ கொடுத்துவைத்தவன். மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவதைத் தாராவியில் நீ உன் பக்கத்துத் தெருவிலேயே தைத்துக்கொள்ளலாம். அளவுச் சீட்டோடு போகாதே, சைக்கிளையே தள்ளிக்கொண்டு போ. பையைக் கேரியரில் மாட்டிப் பெடலைச் சுற்று. குதிகால் இடித்தால் பை இரண்டு விரல் பின்னால் போக வேண்டும். சக்கரத்தை ஒட்டிய பக்கத்தில் கெட்டியான பிளாஸ்டிக் அட்டை வைத்துத் தைக்கச் சொல். இல்லையென்றால் பள்ளத்தில் குலுங்கும்போது பை ஸ்போக்கில் சிக்கும்.

அடுப்பு, பாத்திரம் வேண்டவே வேண்டாம். வழியெல்லாம் டீயும் வடாபாவும் கிடைக்கும். எல்லாவற்றையும் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரர் தராசில் நிறு. எட்டுக் கிலோவைத் தாண்டினால் எதையாவது எடுத்துவிடு. பிறகு பாரத்தோடு மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் வரை ஒருமுறை ஓட்டிப் பார். வண்டி ஆடினால் கனமானதைக் கீழே இறக்கி வை.

2024-இல் திறந்த அடல் சேது கடல் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. செம்பூர், மான்குர்த், வாஷி பாலம் வழியாகப் பன்வேல் போ. இல்லையென்றால் பாவ்சா தக்காவில் மாண்ட்வா போகும் ரோ-ரோ கப்பலைப் பிடி. அகர்தண்டாவிலிருந்து திகிக்கும், பாக்மாண்ட்லாவிலிருந்து வேஸ்விக்கும் படகு உண்டு. ஒவ்வொரு கழிமுகத்துக்கும் சாலை சரிந்து இறங்கி மறுபடி ஏறும். ஆகவே டென்டில் மிச்சமான பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் டயரும் பிரேக்கும்தான். அங்கே மட்டும் மலிவைத் தேடாதே.

அன்புடன்,
செம்பூர் அண்ணன்