ஈரம் மட்டும் போதாது
(இளங்கலை விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் அனுபவக் கட்டுரை)

நெஞ்சில் ஈரம் உள்ளவன் என்று ஒருவனைப் பாராட்டுவது நம் வழக்கம். அந்த ஈரம் இருந்தும் அறிவு இல்லாவிட்டால் ஓர் உயிருக்குத் தீங்கு நேரலாம் என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு பூனை. அப்பாடத்தை நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு ஒரு மாலையில், சிம்மக்கல் அருகே ஒரு மோட்டார் சைக்கிள் அந்தப் பெட்டைப் பூனையின் வால்மேல் ஏறிச் சென்றது. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நான்கு காலாலும் நடந்தது. வால் மட்டும் கயிறு போலத் தொங்கியது. படுத்த இடமெல்லாம் ஈரம். சிறுநீர் நன்றாகத்தான் போகிறது என்று நிம்மதி அடைந்தேன். இங்கேதான் நான் தவறினேன்.

மூன்றாம் நாள் அது உண்ணவில்லை, வாந்தி எடுத்தது. கால்நடை மருத்துவர் அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் விரல்களையும் அங்கே வைக்கச் சொன்னார். உள்ளே சாத்துக்குடி அளவில் இறுகிய பந்து ஒன்று! அதுதான் நிரம்பி வீங்கிய சிறுநீர்ப்பை.

காரணம் என்ன?

வால் பலமாக இழுபடும்போது, வாலடிக்கு மேலே தண்டுவடத்திலிருந்து பிரியும் நரம்புகளும் இழுபட்டு நைந்துபோகின்றன. சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்வதும், அதன் வாயைத் திறந்து மூடும் சுருக்குத் தசையை ஆள்வதும் அந்நரம்புகளே. அவை செயலிழந்தால் பை நிரம்பிக்கொண்டே போகும். கண்மாய் நிரம்பி மறுகால் பாய்வது போல, மிஞ்சியது மட்டும் சொட்டும். மறுகால் பாய்வதைப் பார்த்து, கண்மாய் காலியாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? நான் சொன்னேன்! தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகும்; நாளடைவில் சிறுநீரகங்களும் கெடும்.

மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, ஊசி போட்டு வலியின்றி உயிரை முடிப்பது. மற்றொன்று, நாள்தோறும் மூன்று வேளை கையால் அழுத்திச் சிறுநீரை வெளியேற்றுவது. சில பூனைகளுக்குச் சில வாரங்களில் நரம்பு தேறும். தேறாவிட்டால் வாழ்நாள் முழுவதும் இதே வேலைதான்.

வீட்டில் எதிர்ப்பு. "சாக்குல கட்டி ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வா" என்றார் அப்பா. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம் என்று எடுத்துச் சொன்னேன். அப்பா அசையவில்லை. வீட்டை அசைத்தது அப்பத்தாவின் பேச்சுதான். "தாய்ப்பூனை நக்கிவிட்டாத்தானடா பச்சைக்குட்டி ஒண்ணுக்குப் போகும்? அந்த வேலைய நாம செஞ்சா என்ன குறைஞ்சா போகும்?" என்றார்.

அப்பத்தா சொன்னது அறிவியல் உண்மை. பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம் வரை, தாயின் நாக்கு படாமல் பூனைக்குட்டிக்குச் சிறுநீர் இறங்காது.

நான் கற்ற முறைகள்

பூனையை நிற்க வைத்து, இரு பக்கமும் விரல்களைத் தட்டையாக வைத்துப் பையைக் கண்டு, மெதுவாகவும் சீராகவும் அழுத்த வேண்டும். விரல் நுனியால் குத்தக்கூடாது. பை கிழிந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே இதை மருத்துவரின் கண்ணெதிரே பழகிய பிறகே வீட்டில் செய்யலாம். முடிந்ததும் வெதுவெதுப்பான நீரால் பின்புறத்தைக் கழுவி, ஈரம் துடைக்க வேண்டும். இல்லையேல் தோல் வெந்து புண்ணாகும். சிறுநீர் கலங்கினாலோ, நாற்றம் மிகுந்தாலோ, இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கடுவன் பூனை வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை. கடுவனின் சிறுநீர்க் குழாய் குறுகலானது. கல்லோ சளி போன்ற பொருளோ எளிதில் அடைத்துக்கொள்ளும். அது மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சொட்டு வராவிட்டால், மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். வயிற்றை அழுத்தவும் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடக்கூடும். நம் வலி மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு.

இன்னொரு செய்தி. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியப் பகுதியின் காட்டுப் பூனை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வறண்ட நிலத்து மரபாதலால் பூனைக்குத் தாக உணர்ச்சி குறைவு, சிறுநீரும் அடர்த்தியானது. மதுரைச் சித்திரை வெயிலில் இது கவலைக்குரியது. எனவே உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்த மீனில் முள் நீக்கி, நீர் கலந்து கொடுக்கிறோம். வீட்டில் நான்கு இடங்களில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறோம்.

ஓராண்டு கடந்துவிட்டது. நரம்பு தேறவில்லை, காலை, மாலை, இரவு என்று மூன்று வேளையும் தொடர்கிறது. பருவத் தேர்வு நாட்களில் அப்பத்தாவே அதைச் செய்தார். போன வாரம் நான் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அப்பா கேட்டார்: "என்னடா, அதுக்குத் தண்ணி எடுத்தாச்சா?"

நண்பர்களே! ஊனமுற்ற ஓர் உயிரை ஏற்பது ஒரு நாள் இரக்கம் அன்று. நாள்தோறும் மூன்று வேளைக் கடமை. ஈரத்தோடு அறிவும் சேரும்போதுதான் அக்கடமை நிறைவேறும்.