வாசிப்பு அரங்கில் வளரும் நாடகம்

தோற்றுவாய்

இயல், இசை, நாடகம் என மொழியை மூன்றாக வகுத்துப் போற்றிய பெருமை தமிழுக்கு உண்டு. ஆயினும் நம் வகுப்பறைகளில் இயற்றமிழுக்குக் கிடைத்துள்ள இடம் நாடகத் தமிழுக்குக் கிடைக்கவில்லை. நாடக இலக்கியம் பாடத்திட்டத்தில் உண்டு. தேர்வில் கட்டுரை வினாவாக வருவதும் உண்டு. ஆனால் ஒரு நாடகம் எவ்வாறு எழுதப்படுகிறது, எழுதிய பின் எவ்வாறு திருத்தம் பெறுகிறது, எந்நிலையில் அது மேடைக்குத் தகுதி அடைகிறது என்பனவற்றை நாம் கற்பிப்பதில்லை. விழா நெருங்கும்போது ஒரு மாணவரை அழைத்து, ‘ஒரு நாடகம் எழுதி வா’ என்கிறோம். எழுதி வந்ததை ஓரிரு ஒத்திகைக்குப் பின் மேடையேற்றுகிறோம். விழா முடிந்ததும் அந்தப் படி அலமாரியிலோ குப்பையிலோ சேர்ந்துவிடுகிறது.

கவிதை தாளிலேயே நிறைவு பெறலாம்; நாடகம் அவ்வாறன்று. நாடகப் படி என்பது வீடு கட்டுவோர் கையில் உள்ள வரைபடம் போன்றது. வரைபடத்தில் அழகாகத் தோன்றும் அறையில் கதவைத் திறக்க இடமில்லை என்பது சுவர் எழுப்பும்போதுதான் புலப்படும். ஆனால் சுவர் எழுப்பிய பின் இடிப்பது பெருஞ்செலவு. எழுதிய நாடகத்தை முழுமையாக மேடையேற்றுவதற்கு முன்னரே அதன் குறைநிறைகளைக் கண்டறிய வழி உண்டா? உண்டு. நாடக எழுத்துப் பட்டறையும் வாசிப்பு அரங்கும் அவ்வழிகளாகும். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பிழை ஒன்று

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுதல் நேர்மையாகும். பல்லாண்டுகளுக்கு முன், பணியில் சேர்ந்த புதிதில், இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வந்தார். நெடுங்காலம் வளைகுடா நாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சபராளி ஒருவரைப் பற்றிய கதை. மகன் அவரை அடையாளம் காணாமல் கதவருகில் நிற்கிறான். நாம் அப்படியை வாங்கி, ஒரே இரவில் சிவப்பு மையால் திருத்தினோம். ‘வாப்பா’ என்பதைத் ‘தந்தையே’ என்றும், ‘உம்மா’ என்பதை ‘அன்னையே’ என்றும் மாற்றினோம். ஒற்றுப் பிழைகளை எண்ணி ஓரத்தில் குறித்தோம். மறுநாள் அதனைப் பெற்றுக்கொண்ட மாணவர், ‘சரிங்க ஐயா’ என்று சொல்லிச் சென்றார். அந்த நாடகம் மீண்டும் நம்மிடம் வரவில்லை. அவரும் வேறு நாடகம் எழுதிக் காட்டவில்லை.

அன்று நாம் திருத்தியது மொழியை என எண்ணினோம். உண்மையில் அந்நாடகத்தின் உயிரையே எடுத்துவிட்டோம். அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஒருமுறை கேட்டிருந்தால் ‘வாப்பா’ என்ற ஒரு சொல்லில் எவ்வளவு இருக்கிறது என்பது நம் செவிக்குப் புலப்பட்டிருக்கும்.

அரங்கேற்றம் என்னும் மரபு

ஒரு படைப்பை அவையில் வைத்துக் கேட்டுத் திருத்தும் முறை நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் குற்றமற ஆராய்ந்து கேட்க, எடுத்துரைக்கப்பட்டது என அதன் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. நூல் தோன்றிய காலம், அது அரங்கேறிய களம், தோன்றிய காரணம் ஆகியவற்றையும் சிறப்புப் பாயிரத்தில் சேர்த்துக் கூறுவோரும் உளர் என நன்னூல் உரைக்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் வள்ளல் சீதக்காதி, அபுல் காசிம் மரக்காயர் ஆகியோரின் ஆதரவோடு தொடர்புடையது என்பதை நாம் அறிவோம். அக்காப்பியத்தை ஒருவர் பாட, மற்றொருவர் பொருள் சொல்ல, ஊரார் கூடியிருந்து கேட்ட வழக்கமும் நம் முன்னோரிடம் இருந்தது.

இன்று அரங்கேற்றம் என்றவுடன் நாட்டிய நிகழ்ச்சியே நினைவுக்கு வருகிறது. அங்கே கைதட்டல் உண்டு; தடை விடைகள் இல்லை. பழைய அரங்கேற்றத்தின் உயிர்நிலை தடையும் விடையும் ஆகும். கேட்போர் ஐயம் எழுப்புவர். ஆசிரியர் விளக்குவார் அல்லது திருத்துவார். இம்முறையை ஒத்த ஒன்றை இருபதாம் நூற்றாண்டின் மேலை நாடகக் குழுக்கள் வேறு வழியில் கண்டடைந்தன.

இலண்டனில் ஒரு முயற்சி

1956ஆம் ஆண்டில் ஜார்ஜ் டிவைன் தலைமையில் இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் இங்கிலீஷ் ஸ்டேஜ் கம்பெனி இயங்கத் தொடங்கியது. புதிய நாடக ஆசிரியர்களை வளர்ப்பது அதன் குறிக்கோள். ஆனால் அறிமுகமில்லாத ஒருவரின் நாடகத்தை முழுச் செலவில் மேடையேற்றித் தோல்வி கண்டால் குழுவே மூழ்கும் நிலை. எனவே 1957ஆம் ஆண்டு முதல் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில், காட்சி அமைப்பு ஏதுமின்றி, புதிய நாடகங்களை நடித்துக் காட்டும் முறையை மேற்கொண்டனர். சமையற்கூடங்களில் பணிபுரிந்த ஆர்னால்டு வெஸ்கர் எழுதிய ‘தி கிச்சன்’ நாடகம் 1959ஆம் ஆண்டில் இவ்வாறே முதன்முதலில் அரங்கேறியது. 1961ஆம் ஆண்டில் அதே அரங்கில் முழு நாடகமாக மேடையேறியது.

1958ஆம் ஆண்டில் அங்கே எழுத்தாளர் குழு ஒன்றும் அமைந்தது. வெஸ்கர், எட்வர்டு பாண்ட், ஆன் ஜெலிகோ, பின்னாளில் 1986ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற நைஜீரியரான வோலே சோயிங்கா முதலியோர் அதில் பங்கு பெற்றனர். நடித்துக் காட்ட இயலும் எதையும் வெறும் விவாதமாகப் பேசுவதில்லை என்பது அக்குழு வகுத்துக்கொண்ட விதி. நாடகம் எழுதுவோர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை எனலாம்.

ஆகஸ்ட் வில்சன் கற்ற பாடம்

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஒயிட் என்பவர் கனெக்டிகட் மாநிலத்தின் கடற்கரை ஊரான வாட்டர்போர்டில் யூஜீன் ஓ நீல் நாடக மையத்தை நிறுவினார். அதன் தேசிய நாடக ஆசிரியர் மாநாட்டை 1968 முதல் 1999 வரை வழிநடத்தியவர் லாயிட் ரிச்சர்ட்ஸ். தேர்ந்தெடுக்கப்பட்ட நாடக ஆசிரியர்கள் கோடையில் அங்கே கூடுவர். தேர்ந்த நடிகர்கள் சில நாள் ஒத்திகைக்குப் பின், படியைக் கையில் ஏந்தியவாறே, எளிய மேடையில், பார்வையாளர் முன் நடித்துக் காட்டுவர். பிறகு கலந்துரையாடல் நிகழும். ஆசிரியர் கேட்பார், திருத்துவார்.

இம்மையத்தின் வழியே வளர்ந்தவருள் தலைசிறந்தவர் ஆகஸ்ட் வில்சன். 1945ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினத்தவர். பதினைந்தாம் வயதில் நெப்போலியனைப் பற்றி இருபது பக்கக் கட்டுரை எழுதிச் சென்றார். ‘இது நீ எழுதியதன்று’ என ஆசிரியர் ஐயுற்றார். மனம் நொந்த வில்சன் பள்ளியை விட்டே வெளியேறி, நகரின் பொது நூலகத்தில் அமர்ந்து தாமே கற்றார். ஆசிரியராகிய நாம் இச்செய்தியைப் படிக்கும்போது தலை குனிய வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் வில்சனும் தம் மக்களின் பேச்சு இலக்கியத்துக்கு ஆகாது எனக் கருதி, பாத்திரங்களைச் செயற்கையான கவிதை நடையில் பேசவைத்தார். 1978ஆம் ஆண்டில் செயின்ட் பால் நகருக்குக் குடிபெயர்ந்த பின்னரே, பிறந்த ஊரின் குரல்கள் அவர் காதில் தெளிவாக ஒலிக்கத் தொடங்கின. அவர் ஓ நீல் மையத்துக்கு அனுப்பிய முந்தைய படிகள் ஏற்கப்படவில்லை. 1982ஆம் ஆண்டில் ‘மா ரெயினிஸ் பிளாக் பாட்டம்’ ஏற்கப்பட்டு அங்கே வாசிப்பு அரங்கு கண்டது. 1984ஆம் ஆண்டில் யேல் நாடக அரங்கிலும், அவ்வாண்டிலேயே பிராட்வேயிலும் அது மேடையேறியது. ‘ஃபென்சஸ்’, ‘தி பியானோ லெசன்’ ஆகியனவும் அம்மையத்தில் வளர்ந்து, முறையே 1987, 1990 ஆகிய ஆண்டுகளில் புலிட்சர் பரிசு பெற்றன. 2005ஆம் ஆண்டில் மறைவதற்கு முன் பத்து நாடகங்கள் கொண்ட தொடரை அவர் நிறைவு செய்தார்.

ஒருவர் ஐயுற்றபோது வெளியேறியவர், வேறொருவர் செவிசாய்த்தபோது உலகறிந்த ஆசிரியரானார். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் அனைவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செயல்முறை

தமிழில் நவீன நாடகத்துக்கு வித்திட்டவற்றுள் 1977ஆம் ஆண்டில் காந்திகிராமத்தில் நடைபெற்ற பயிற்சிப் பட்டறை குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் ந. முத்துசாமி தொடங்கிய குழுவும் கூத்துப்பட்டறை என்றே பெயர் பெற்றது. பட்டறை என்பது இரும்பைக் காய்ச்சி அடிக்கும் இடம். ஒரே அடியில் கருவி உருவாவதில்லை, நாடகமும் அவ்வாறே. அதற்குரிய படிநிலைகளை நான்காகக் கொள்ளலாம்.

முதலாவது, மேசை வாசிப்பு. ஆறேழு பேர் சுற்றி அமர்ந்து, பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொண்டு படிப்பது. எழுதியவர் எந்தப் பாத்திரத்தையும் படிக்கலாகாது. கேட்க மட்டுமே வேண்டும். நாக்கு எங்கே தடுமாறுகிறதோ, எங்கே இரு பாத்திரங்கள் ஒரே குரலில் பேசுகின்றனவோ, அங்கெல்லாம் அவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, திருத்தம். மேசை வாசிப்புக்கும் அடுத்த வாசிப்புக்கும் இடையே ஒரு வாரமேனும் விடுதல் நன்று. மாற்றிய பக்கங்களை வேறு நிறத் தாளில் எழுதினால் எது புதியது என்பது எளிதில் விளங்கும்.

மூன்றாவது, வாசிப்பு அரங்கு. சில நாற்காலிகள், கையில் படி, முன்னே கேட்போர், இவை போதும். ஒப்பனையும் திரையும் வேண்டா. காட்சிக் குறிப்புகளை ஒருவர் உரக்கப் படிப்பார்.

நான்காவது, கருத்துரை. இதுவே கடினமானது. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990ஆம் ஆண்டில் வகுத்த முறை இதற்குத் துணை புரியும். முதலில், தம் மனத்தில் பதிந்தது எது என்பதைக் கேட்டோர் கூறுவர். அடுத்து, எழுதியவர் தம் ஐயங்களைக் கேட்போரிடம் வினவுவார். பின்னர், கேட்போர் தம் கருத்தைத் திணிக்காத வினாக்களை எழுப்புவர். இறுதியாக, எழுதியவர் இசைந்தால் மட்டுமே தம் கருத்தை உரைப்பர். ‘நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்’ என்று நாடகத்தைப் பறித்துக்கொள்வதற்கு இம்முறை இடம் தருவதில்லை.

நாம் கண்ட பயன்

நம் துறையில் இம்முறையைச் சிறிய அளவில் பின்பற்றிப் பார்த்தோம். மாணவி ஒருவர், படிப்பை நிறுத்தித் திருமணத்துக்கு வற்புறுத்தப்படும் பெண்ணைப் பற்றி நாடகம் எழுதியிருந்தார். கேட்பதற்கு மாணவரோடு ஊர்ப் பெரியவர் சிலரையும் அழைத்திருந்தோம். கதையைக் கேட்டு அவர்கள் முகம் சுளிப்பரோ என்ற அச்சம் நமக்கும் இருந்தது. வாசிப்பு முடிந்து அவை சிறிது நேரம் அமைதியாக இருந்தது. முதியவர் ஒருவர் எழுந்து, ‘அந்தப் பிள்ளை பேசுறதெல்லாம் நியாயம்தாம்மா. ஆனா அத்தாவுக்கு நீ பேச ஒண்ணுமே குடுக்கலியே. அவரு கெட்டவரா, பயந்தவரா?’ என்று கேட்டார்.

மாணவி விடை கூறவில்லை. பத்து நாள்களில் ஒரு புதிய காட்சியோடு வந்தார். அக்காட்சியில் தந்தை தம் உடல்நலக் குறைவை மனைவியிடம் மட்டும் சொல்கிறார். தமக்குப் பின் மகளுக்கு யார் என்ற அச்சத்தை வெளிப்படுத்துகிறார். மகள் அதனைக் கேட்டுவிடுகிறாள். அவள் கோரிக்கை மாறவில்லை. ஆனால் கேட்கும் முறை மாறியது. இரண்டாம் வாசிப்பில் அதே பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ‘படிக்க வைக்கலாமே’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதை அருகிலிருந்த நாம் கேட்டோம். எத்தனை மேடைப் பேச்சுகள் செய்ய இயலாததை ஓர் எளிய வாசிப்பு செய்தது!

நாடகம் என்றாலே ஆடம்பரம், செலவு, தேவையற்ற ஒப்பனை எனத் தயங்குவோர் நம் சமுதாயத்தில் உண்டு. அத்தயக்கத்தை நாம் குறைகூற முன்வரவில்லை. வாசிப்பு அரங்கில் அவை எவையும் இல்லை என்பதை மட்டும் பணிவுடன் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

ஓர் எச்சரிக்கை

இம்முறைக்கும் குறை உண்டு. அமெரிக்க நாடக ஆசிரியர் பலர், தம் நாடகங்கள் ஓயாமல் வாசிக்கப்படுகின்றனவே ஒழிய மேடையேறுவதில்லை என வருந்தியதுண்டு. கேட்போர் அனைவரையும் நிறைவு செய்ய முற்பட்டால் நாடகத்தின் கூர்மை மழுங்கும். எனவே இரண்டு அல்லது மூன்று வாசிப்போடு நிறுத்தி மேடைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். எதை ஏற்பது, எதை விடுவது என்பதில் இறுதிச் சொல் எழுதியவருடையதே.

முடிவுரை

ஆண்டுக்கு ஒரு நாடகமேனும் இவ்வாறு உருவாகட்டும். ஆசிரியர்கள் முதல் வாசிப்பில் எழுதுகோலை மூடிவைத்துக் கேட்கட்டும். பெரியவர்கள் வந்து அமர்ந்து வினா எழுப்பட்டும். மாணவர்கள் தம் வீட்டில் கேட்கும் மொழியில் அஞ்சாது எழுதட்டும். ஒற்றுப் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

முன்னர்க் குறிப்பிட்ட அந்த மாணவர் இன்று நடுவயதை எட்டியிருப்பார். இம்மலர் அவர் கைக்குக் கிட்டுமாயின், அந்தப் பழைய படியும் அவரிடம் இருக்குமாயின், அதனைக் கொண்டு வருமாறு வேண்டுகிறோம். நாற்காலிகளை நாமே எடுத்துப் போடுவோம். சிவப்பு மையின் அடியில் உள்ள ‘வாப்பா’வை அவர் விரும்பியவாறே படிக்கச் செய்து கேட்போம்.