அளந்த பின் பெயர்

அன்புத் தம்பிக்கு,

பெயர் தெரியாத பழைய விமானப் படங்களை அடையாளம் காணும் வேலையில் முழுமூச்சாக இறங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ச்சி. ஒன்றோ இரண்டோ மட்டும் கட்டிக் கைவிடப்பட்ட ஒரு விமானத்துக்குப் பின்னால், அதை வரைந்தவர், தகடு அடித்தவர், முதன்முதலாக ஓட்டிப் பார்த்தவர் என்று எத்தனையோ பேரின் உழைப்பு கிடக்கிறது. விமானத்தின் பெயர் தொலைந்தால் அவர்களும் சேர்ந்தே தொலைகிறார்கள். இந்த வேலையை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

உன் கடிதத்தில் ஒன்றுதான் உறுத்தியது. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் மனதில் வந்து விழுகிறது என்கிறாய். வரட்டும், வந்ததை ஓரமாக ஒரு தாளில் எழுதி மூடி வை. பெயர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால், கண் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பெயருக்குச் சாட்சி தேட ஆரம்பித்துவிடும்.

கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்ற பெண்மணியைப் பற்றித் தேடிப் படி. போருக்கு முன் விமானப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். இரண்டாம் உலகப் போரில், இங்கிலாந்தின் மெட்மன்ஹமில் இருந்த வான்படை நிலையத்தில், உளவு விமானங்கள் எடுத்துவரும் படங்களிலிருந்து எதிரி விமானங்களைக் கண்டறியும் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1943 ஜூனில், பால்டிக் கரையில் உள்ள ஜெர்மானியச் சோதனைத் தளமான பீனமுண்டேயின் படங்களில், பின்புறம் கிடை இறக்கை இல்லாத நான்கு சின்ன விமானங்கள் தென்பட்டன. அதற்கு முன் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. அவர் பெயர் தேடி அலையவில்லை. இறக்கையின் அகலம் சுமார் 30 அடி. ஆகவே ‘பீனமுண்டே 30’ என்று குறித்துக்கொண்டார். அதுதான் மெஸ்ஸர்ஷ்மிட் மீ 163 ராக்கெட் விமானம். அதன் உண்மையான இறக்கை அகலம் 9.3 மீட்டர், அதாவது 30 அடிக்குச் சற்று மேல்!

இதன் அருமை புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார். 36 அங்குல லென்ஸ் வைத்து 30,000 அடி உயரத்திலிருந்து படம் எடுத்தால் அளவுவிகிதம் 1:10,000. அந்த விமானம் நெகட்டிவில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அவ்வளவு சிறிய புள்ளியை, ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு படங்களாக ஸ்டீரியோ கண்ணாடியின் கீழே வைத்து, மேடுபள்ளமாகப் பார்த்து, அளந்து சொன்னார்கள். பிறகு, ஆளில்லாத சிறு விமானம் ஏதாவது இருக்கிறதா பார் என்று மேலிடம் கேட்டபோது, பழைய படங்களைத் திரும்ப எடுத்து அலசியதில், ஒரு கட்டடத்தின் ஓரமாக இன்னும் சிறியது ஒன்று அகப்பட்டது: ‘பீனமுண்டே 20’. 1943 நவம்பர் 28 அன்று எடுத்த படத்திலோ, கடலைப் பார்த்த ஒரு சரிவுமேடையின் மேல் அதே சிலுவை வடிவம் ஏறி நின்றது. 1944 ஜூனிலிருந்து லண்டன்மேல் விழுந்த வி-1 அதுதான். அதன் நிஜப் பெயர் தெரிவதற்கு முன்பே, அது என்ன செய்யும் என்று ஊகிக்க அளவும் இடமும் போதுமானவையாக இருந்தன.

நீயும் அப்படியே செய். உன் கோப்புக்கு ‘இரட்டை எஞ்சின், தோள் இறக்கை, சுமார் 17 மீட்டர்’ என்ற மாதிரி தலைப்புப் போடு. பக்கத்தில் நிற்கும் ஆள், பெட்ரோல் பீப்பாய், ஏணி, எது கிடைத்தாலும் அளவுகோல்தான். எஞ்சின் சிலிண்டர்களை எண்ணு. புகைபோக்கிக் குழாய்கள் எந்தப் பக்கம் வருகின்றன, சக்கரம் எந்தத் திசையில் மடிகிறது என்று பார். இவற்றில் ஒன்று பொருந்தவில்லை என்றால் போதும், ஒரு பெயரை அடித்துவிடலாம். நம் வேலையில் பாதிக்கு மேல் இந்த அடித்தல்தான்.

சக்கரத்தைப் பற்றிச் சொன்னதும் யுங்கர்ஸ் யூ 287 ஞாபகம் வருகிறது. முன்னோக்கிச் சாய்ந்த இறக்கையுடன் 1944-இல் பறந்த ஜெர்மானிய ஜெட் குண்டுவீச்சு விமானம். சோதனைக்கான முதல் விமானத்தைச் சீக்கிரம் கட்டுவதற்காக உடலை ஹைன்கெல் ஹே 177-இலிருந்து எடுத்தார்கள். வால் யூ 388-உடையது, பின் சக்கரங்கள் யூ 352-உடையவை. மூக்குச் சக்கரங்களோ, விழுந்து நொறுங்கிய அமெரிக்க பி-24-களிலிருந்து கழற்றியவை. வெறும் வாலை மட்டும் வைத்து முடிவு கட்டுகிறவர் இங்கே ஏமாந்தே போவார். சோதனை விமானங்களில் ஓர் உறுப்பு நன்றாகப் பொருந்துவது மட்டும் எதையும் நிரூபிக்காது.

இறக்கை நுனியும் அப்படித்தான். ஜப்பானியர்கள் ஸீரோ விமானத்தின் ஒரு வகையில் இறக்கை நுனிகளைப் பக்கத்துக்கு அரை மீட்டர் குறைத்துச் சதுரமாக முடித்தார்கள். நேச நாட்டினர் அதைப் புது விமானம் என்றே நம்பி ‘ஹாப்’ என்று பெயர் சூட்டினார்கள். அமெரிக்க ஜெனரல் ஆர்னால்டின் செல்லப் பெயர் அது என்பதால் ‘ஹாம்ப்’ என்று மாற்றினார்கள். கைப்பற்றியதை நேரில் ஆராய்ந்த பிறகுதான், ஏற்கெனவே ‘ஸீக்’ என்று அழைத்துவந்த ஸீரோவின் இன்னொரு வடிவம் என்று ஒப்புக்கொண்டு, ‘ஸீக் 32’ ஆக்கினார்கள்.

படத்தின் கீழே அச்சாகியிருக்கும் குறிப்பைச் சாட்சியாக வைத்துக்கொள்; தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. 1940-இல் ஜெர்மானியர்கள் பன்னிரண்டு ஹே 100 விமானங்களுக்கு வெவ்வேறு படைப்பிரிவுகளின் சின்னங்களை மாற்றி மாற்றி வரைந்து, படம் எடுத்து, ‘ஹே 113’ என்ற புதிய போர் விமானம் களத்தில் இறங்கிவிட்டதாகப் பரப்பினார்கள். அப்படி ஒரு விமானமே படையில் கிடையாது. ஆனாலும் அதோடு மோதியதாகப் பிரிட்டிஷ் விமானிகள் அறிக்கை கொடுத்தார்கள். படம் உண்மைதான், பொய் இருந்தது குறிப்பிலும் பூச்சிலும்.

இப்போது படமே பொய்யாகவும் வருகிறது. 1933-இல் பறந்து, அதே ஆண்டு நவம்பரில் விழுந்து நொறுங்கிப் பலரைப் பலிகொண்ட சோவியத்தின் கலினின் கே-7-க்கு எஞ்சின்கள் ஏழு: இறக்கை முகப்பில் ஆறு, பின்னால் தள்ளுவது ஒன்று. இன்றைக்குச் சுற்றும் படங்களிலோ இன்னும் பல எஞ்சின்களும், கப்பலில் உள்ளது போன்ற பீரங்கிகளும் இருக்கும். கணினியில் வரைந்தவை அவை. அந்த விபத்தில் செத்தவர்களை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

கடைசியாக ஒரு பயிற்சி. பெங்களூரு எச்.ஏ.எல் அருங்காட்சியகத்துக்குப் போ. குர்ட் டாங்க் வடிவமைத்து 1961-இல் முதன்முதலாகப் பறந்த எச்.எஃப்-24 மாருத் அங்கே நிற்கிறது. அருகில் ஒரு நண்பரை நிறுத்தி, பக்கவாட்டில் எட்ட நின்று ஒன்று, மூக்கருகே பக்கவாட்டில் நெருங்கி நின்று அகல லென்ஸில் ஒன்று எனப் படம் எடு. வீட்டுக்கு வந்து, நண்பரின் உயரத்தை மட்டும் வைத்து விமானத்தின் நீளத்தை இரண்டு படங்களிலிருந்தும் கணக்கிடு. சரியான விடை 15.87 மீட்டர். இரண்டாவது படம் உன்னை எத்தனை மீட்டர் ஏமாற்றுகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்