போட்டி நாளன்று ஓடலாமா, காபி குடிக்கலாமா?

கெங்கவல்லி, தம்மம்பட்டி, ஆத்தூர்ப் பக்கம் பொங்கலோ திருவிழாவோ வந்தால் மின்னொளி கபடி இல்லாமல் தீராது. இருட்டியதும் முதல் ஆட்டம் தொடங்கும். பெரிய அணிகள் களமிறங்க நடுச்சாமம் ஆகிவிடும். அன்று பகலெல்லாம் ஆட்டக்காரப் பையன்கள் வீட்டில் கேட்பது ஒன்றுதான்: "ஓடி ஆடாதடா, கம்முனு படுத்துக் கெட. தெம்பு போயிரும்."

தெம்பு அப்படிப் போய்விடாது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 300 முதல் 500 கிராம் வரை கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை இருப்பில் இருக்கும். நாலைந்து குறுகிய ஓட்டங்கள் அதில் கரைப்பது சொற்பம். மதியச் சோறு அதை ஈடுகட்டிவிடும். சும்மா கிடப்பதால் வருவது உடல் மந்தம்தான். ரக்பி வீரர்களை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், காலையில் எடை தூக்கியவர்கள் சில மணி நேரம் கழித்து 40 மீட்டரைச் சற்று விரைவாக ஓடினார்கள். பகல் ஏற ஏறக் குறையும் டெஸ்டோஸ்டிரோனும் அவர்களிடம் அந்த அளவுக்குக் குறையவில்லை. இப்படி முன்கூட்டியே உடம்பைத் தூண்டிவிடுவதைப் பயிற்சியாளர்கள் 'பிரைமிங்' என்கிறார்கள். ஒரு ரைடு 30 விநாடிதான். இந்தத் துள்ளல் கபடிக்கு நன்றாகவே பொருந்தும்.

ஆனால் 'காலை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். கணக்கு ஆட்ட நேரத்திலிருந்து பின்னோக்கி ஐந்தாறு மணி நேரம். ராத்திரி பத்து மணி ஆட்டத்துக்கு மாலை நாலு மணி சரி. இருபது, முப்பது மீட்டர் வேக ஓட்டம் நாலைந்து, நடுவில் மூச்சு அடங்கும் வரை ஓய்வு, பிறகு சில குதிப்புகள். கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். வேர்த்து ஊற்றும் வரை ஓடினால் வீட்டார் பயப்படுவது உண்மையாகிவிடும். எடை தூக்கிப் பழகாதவர் அன்றைக்கு ஆரம்பித்தால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். இரண்டாம் நாள் ஆட்டம் போச்சு.

போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிறவர் கதை வேறு. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஓட்டம் காலையிலேயே என்றால் பிரைமிங்குக்கு ஏது நேரம்? நல்ல வார்ம்-அப் போதும். காலையில் உடல் வெப்பம் தாழ்ந்திருப்பதால் தசையின் வேகமும் குறைவு. ஸ்பெயினில் எடைப்பயிற்சி வீரர்களிடம் நடத்திய 2012ஆம் ஆண்டு ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபின் (காபியில் ஊக்கம் தரும் பொருள்) அந்தக் குறையை மாலை அளவுக்கே நிரப்பியது.

"காபி உடம்பு நீரை வற்றவைக்கும்" என்பது பழகியவர்களுக்கு மிதமான அளவில் பொருந்தாது. "ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வோம்" என்பதும் பழைய கதை. 2004லேயே தடைப் பட்டியலிலிருந்து காஃபினை எடுத்துவிட்டார்கள்.

உண்மையான சிக்கல் அளவில் இருக்கிறது. ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் என்பது ஆய்வுக் கணக்கு; 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 180. டீக்கடை டீயில் அதில் கால்வாசி தேறினால் அதிகம். காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் தருகிறது, சிக்கரியில் காஃபின் கிடையாது. எனவே டம்ளரைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஆற்றல் பானமோ நம் நாட்டு விதிப்படி 250 மில்லிக்கு 75 மில்லிகிராமைத் தாண்டாது. அதற்காக டின் டின்னாக வரிசையாகக் கவிழ்ப்பதா? கிலோவுக்கு 9 மில்லிகிராமைத் தொட்டால் வேகம் கூடாது; கை நடுக்கமும் படபடப்பும்தான் கூடும்.

நடுச்சாம ஆட்டத்துக்குக் காபி வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. குடித்த காஃபினில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுக்க 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. மறுநாள் அரையிறுதி என்றால் அந்தத் தூக்கம்தான் பெரிது.

பள்ளிப் பையன்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேளுங்கள். மற்றவர்கள், பயிற்சி நாளிலேயே ஒருமுறை குடித்துவிட்டு ஓடிப் பாருங்கள். வயிற்றைக் கலக்குமா கலக்காதா என்பது செலக்‌ஷன் மைதானத்தில் தெரியவரக் கூடாது.