கர்ப்பகால நீரிழிவு: சீனி கூடுமுன்னரே தொடங்கும் மாற்றம்

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிறகு ஏன் சீனிப் பரிசோதனை?" என்று எம்மவரில் பல தாய்மார் கேட்பதுண்டு. கர்ப்பகால நீரிழிவு பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. அதனால்தான் பரிசோதனை தேவை.

கருவுற்றதும் சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) சில ஓமோன்களைச் சுரக்கிறது. குழந்தைக்குப் போதிய குளுக்கோஸ் கிடைப்பதற்காக, இவை தாயின் உடலில் இன்சுலினின் செயலைக் குறைக்கின்றன. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதனை ஈடுசெய்யும். அது முடியாதபோது குருதியில் சீனி கூடுகிறது. பலருக்கு இது ஐந்தாம் மாதத்தின் பின்னரே தெரியவரும்.

ஆனால் மாற்றம் அதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. கொழுப்புக் கலங்கள் சுரக்கும் அடிப்போனெக்டின் என்ற ஓமோன் இன்சுலினுக்குத் துணைசெய்வது. பின்னாளில் கர்ப்பகால நீரிழிவு வந்த தாய்மாரில், முதல் மூன்று மாதங்களிலேயே இது சராசரியாகக் குறைந்திருந்ததைப் பல ஆய்வுகள் கண்டன. எனினும் யாருக்கு நோய் வரும் என்று பிரித்துச் சொல்லும் பொதுவான எல்லை அளவு இல்லாததால், வழமையான பரிசோதனைகளில் இது இடம்பெறவில்லை.

ஆகவே, உங்கள் குடும்ப வரலாறே இன்று கையிலுள்ள முன்னெச்சரிக்கை. ஒஸ்லோவின் குரூருத்தாலென் பகுதியில் 2008 முதல் 2010 வரை 823 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் வினாக்கொத்து தமிழிலும் கொடுக்கப்பட்டது. தெற்காசியப் பின்னணி கர்ப்பகால நீரிழிவுக்கான ஆபத்தைக் கூட்டுகிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது.

நீங்கள் செய்யவேண்டியவை:

- பெற்றோர், சகோதரருக்கு நீரிழிவு உண்டா, முன்னைய கர்ப்பத்தில் சீனி கூடியதா, முன்னைய குழந்தை மிகப் பெரிதாகப் பிறந்ததா என்பவற்றை முதற் சந்திப்பிலேயே மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள்.
- முதற் பரிசோதனை சரியாக இருந்தாலும், 24 முதல் 28 வாரங்களில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.
- "இரண்டு பேருக்காகச் சாப்பிடு" என்று வீட்டில் சொன்னாலும் சோறு, புட்டு, இடியப்பத்தின் அளவைக் கவனியுங்கள். சாப்பிட்டபின் சிறிது நடவுங்கள்.
- பிள்ளை பிறந்ததும் சீனி பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஆண்டுதோறும் சோதியுங்கள்.

இது தாயின் குற்றமல்ல, மறைக்கவேண்டிய நோயுமல்ல. நேரத்தோடு கண்டறிந்தால் உணவாலும் நடையாலுமே பலர் இதனைக் கட்டுப்படுத்திவிடுகிறார்கள். சிலருக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படலாம்.