மற்றொரு பாஸ் கிதார் எதற்கு?

பாட்டைக் கேட்போர் பாடகரை அறிவர். வயலினையும் குழலையும் பிரித்தறிவர். அடியில் நின்று பாட்டைத் தாங்கும் பாஸ் கிதாரைத் தனியே கேட்போர் சிலரே. ஆனால் அது நின்றுபோனால், ஏதோ குறைகிறது என்பதை எல்லாரும் உணர்வர். கட்டடத்திற்குக் கடைக்கால் எவ்வாறோ அவ்வாறே மெல்லிசைக்கு இக்கருவி எனலாம்.

நான் நெல்லித்தோப்பில் வாழ்பவன். எங்கள் பகுதி மெல்லிசைக் குழுவில் நான்கு ஆண்டுகளாகப் பாஸ் வாசித்து வருகிறேன். கோயில் விழா, மாதா கோயில் திருநாள், திருமண வரவேற்பு ஆகியவற்றில் கிடைத்ததைச் சேர்த்து, வேறு வகைக் கருவி ஒன்றை வாங்க முனைந்தேன். கொத்தனாரான என் தந்தை, "இருப்பது நன்றாகத்தானே இருக்கிறது, இன்னொன்று எதற்குடா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் பதினான்காயிரம் ரூபாய் சிறு தொகையன்று. ஆகவே அக்கேள்விக்கு விடை தேடும் கடமை எனக்கு ஏற்பட்டது. அவ்விடையை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வகைகள்

நரம்புக் கருவிகளை வகைப்படுத்துவது நமக்குப் புதிதன்று. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டி யாழுக்கு 7 நரம்பு என்று நம் முன்னோர் பிரித்தனர். பாஸ் கிதாரில் பெரும்பாலும் நான்கே கம்பிகள். ஆயினும் அதன் வகைகள் பல.

ஆள் உயர டபுள் பாஸைத் தூக்கிச் செல்வது கடினம். அதன் ஒலியும் மின்கிதார்களுக்கிடையே அமுங்கிவிடும். இக்குறையைப் போக்க, அமெரிக்கராகிய லியோ ஃபெண்டர் 1951இல் 'பிரிசிஷன் பாஸ்' என்னும் கருவியை வெளியிட்டார். அதே நிறுவனம் 1960இல் 'ஜாஸ் பாஸ்' என்பதைக் கொணர்ந்தது. இன்று கடைகளில் காணும் மலிவான கருவிகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டின் சாயலில் அமைந்தவையே. தமிழ்த் திரையிசையில் இளையராஜாவின் குழுவில் சசிதரனும், ஏ.ஆர்.ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் இக்கருவிக்குத் தனிப் பெருமை தேடித் தந்தனர்.

இரண்டிலும் கம்பியின் நீளம் 34 அங்குலமே. வேறுபாடு பிக்கப்பில் உள்ளது. கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் காந்தச் சுருளே பிக்கப். பிரிசிஷன் வகையில் இரு துண்டான ஒரே பிக்கப், நடுப்பகுதியில் இருக்கும். ஜாஸ் வகையில் இரண்டு உண்டு. அவற்றுள் ஒன்று குதிரைக்கு அருகில் இருக்கும். குதிரையருகே கம்பியின் அடிப்படை அதிர்வு சிறிது. மேற்சுரங்களின் பங்கு மிகுதி. எனவே அங்கே பிறக்கும் ஒலி கூர்மையாக இருக்கும்.

இதனால் ஆவதென்ன? பாஸின் தடித்த கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. திருமண மண்டபத்துச் சிறிய ஒலிபெருக்கிகள் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரிவர எழுப்புவதில்லை. ஆயினும் அதன் மேற்சுரங்களான 82, 123 என்பவை செவியில் விழுந்தால், மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. மேற்சுரம் மிகுந்த கருவி மண்டபத்தில் தெளிவாகக் கேட்பதன் காரணம் இதுவே. என் பழைய கருவியோ திறந்த மைதானத்தில், பெரிய ஒலிபெருக்கிகளுடன் நன்கு முழங்குவது. எங்கள் குழுவுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மண்டப நிகழ்ச்சிகள். இதுவே தந்தைக்கு நான் சொன்ன விடை.

வாங்கும் முறை

புதிதாக வாங்கப் பொருளில்லாதவர் பழையதை நாடலாம்; ஆனால் ஆராய்ந்து வாங்குதல் வேண்டும். முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். சுவரின் நேர்மையைப் பார்க்கும் கொத்தனாரைப் போல் ஒரு கண்ணை மூடி, முனையிலிருந்து நோக்க வேண்டும். உடன் வந்த என் தந்தையே இதைச் செய்தார். ஒரு கருவியின் கழுத்து முறுக்கியிருப்பதைக் கண்டு, "இது வேண்டாம்" என்றார். முன்பின் வளைவை உள்ளிருக்கும் இரும்புத் தண்டினால் சரிசெய்யலாம். முறுக்கலை அதனால் நீக்க இயலாது. அடுத்து, மெட்டுகள் தேய்ந்துள்ளனவா, பிருடைகள் நழுவுகின்றனவா என்று காண வேண்டும். நம் கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்குமாதலால் திருகுகளையும் நோக்குதல் நன்று.

திருத்தும் முறை

செலவு குறைந்ததை முதலிற் செய்க. புதுக் கம்பி மாட்டி, முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் அழுத்தினால், ஏழாம் மெட்டருகே ஒரு முகவரி அட்டை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். இல்லையேல் தண்டைக் கால் திருப்பாகத் திருப்ப வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி எழுப்பும் சுரம், திறந்த கம்பியின் மேல் ஸ்தாயியாக அமைய வேண்டும். அது ஏறியிருந்தால் குதிரையைப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்துக.

அடுத்தது இரைச்சல். ஜாஸ் வகையின் இரு சுருள்களும் பொதுவாக எதிரெதிராகச் சுற்றப்பட்டிருக்கும். இரண்டையும் சமமாகத் திறந்தால் மின்சாரத்தின் 50 சுழற்சி இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் தலைகாட்டும். இரைச்சலை ஓரளவு குறைக்கும் வழி, உட்குழியில் செப்புத்தகடு ஒட்டி அதை நிலத்தொடர்புக் கம்பியுடன் பற்றவைத்தல். இதனுடன் தேய்ந்த ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ்களையும் மாற்றினேன். கம்பி உட்பட எல்லாவற்றிற்கும் மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. விலையுயர்ந்த பிக்கப்பும் 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கியும் இவற்றின் பின்னரே. அவை இப்போது எனக்குத் தேவைப்படவில்லை.

மூன்றாம் முனை

எல்லாத் திருத்தத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. அதற்குச் செலவு மிகக் குறைவு. கிதாரின் கம்பிகள் குதிரை வழியாகப் பெருக்கியின் உலோகப் பெட்டியுடன் மின்தொடர்பு கொண்டவை. அப்பெட்டிக்கு நிலத்தொடர்பு இல்லாதபோது உள்ளே கசிவு நேர்ந்தால், மின்சாரம் வாசிப்பவன் விரலுக்கே வந்துவிடும். 1972இல் இங்கிலாந்துக்கு அண்டையிலுள்ள வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் இளம் கிதார் கலைஞர், நிலத்தொடர்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிர் துறந்தார். மூன்று முனைச் செருகியின் ஒரு முனையை முறித்து இரண்டு துளையில் செருகும் வழக்கத்தை நம்மூர் மேடைகளில் நானே கண்டிருக்கிறேன். இரைச்சல் நீங்குகிறது என்பதற்காகச் சிலர் இவ்வாறு செய்வர். இது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

முடிவுரை

வேறு வகைக் கருவி வேண்டுமா என்பதைக் கருவியின் அழகு முடிவு செய்யக் கூடாது. வாசிக்கும் இடமும் வாசிக்கும் பாட்டும் முடிவு செய்ய வேண்டும். என் பழைய பிரிசிஷன் வகைக் கருவியை இப்போது குழுவின் இளைய தம்பி ஒருவன் பயின்று வருகிறான். கல்லூரி விழாவில் வாசிக்கும் நண்பர்கள் சுருதி சேர்க்குமுன் ஒருமுறை செருகியைப் பார்க்க. மூன்று முனையும் இருந்தால் இசையைத் தொடங்கலாம்.