சக்கர நாற்காலியில் கடற்கரைக்கு

கேள்வி: முழங்கால் வலியால் அம்மா சக்கர நாற்காலியில்தான் வெளியே வருகிறார். அவருக்குக் கடலைப் பக்கத்தில் காட்ட எங்கே போகலாம்?
– வாசகி, விழுப்புரம்

பதில்: உங்களுக்குப் பக்கம் புதுச்சேரிதான். கடற்கரைச் சாலை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், மேடு பள்ளம் கிடையாது. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளை விடமாட்டார்கள். நடுச்சாலையிலேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம். மாலையில் கூட்டம் நெரியும், விடியற்காலைதான் நல்லது. ஆனால் கரையின் பெரும்பகுதியில் கருங்கற்கள் குவித்திருப்பதால் நாற்காலியில் அலையை நெருங்குவது கடினம்.

அலையருகே போக வேண்டுமென்றால் சென்னை மெரினா. மணலில் சக்கரம் அச்சுவரை புதைந்துவிடும்; பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் இறங்கும். அதனால்தான் மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் மரப்பாதை வந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, சரிசெய்து மீண்டும் திறந்தார்கள். இருபுறமும் கைப்பிடி உண்டு. எனக்கு இந்தப் பாதை மிகவும் பிடிக்கும். கடல் எல்லோருக்கும் சொந்தம்தானே!

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பாதையை மறித்து நின்று படம் எடுக்காதீர்கள். நாற்காலியில் வருபவர்களுக்கு அதைவிட்டால் அங்கே வேறு வழியில்லை.